பேஸ்மேக்கர் வைத்த அப்பாவுக்குப் படகில் படபடப்பு, வலை இழுக்கும்போது திடீர்த் தளர்ச்சி: அமைப்பை மாற்றித் தரும்படி கேட்கலாமா?

பாம்பன் மகன்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பாம்பன் தெற்குவாடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு வயது 61. நாட்டுப்படகில் தொழில் செய்பவர். சென்ற ஆண்டு மயங்கி விழுந்ததால் ஈ.சி.ஜி. எடுத்தோம். இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்கவே இல்லை, முழு அடைப்பு என்றார்கள். நாடி நிமிடத்துக்கு 36 மட்டுமே இருந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில், இடப்பக்கக் காறை எலும்புக்குக் கீழே, இரண்டு வயர் கொண்ட பேஸ்மேக்கரை வைத்தார்கள். அதன் பிறகு மயக்கம் ஒருமுறைகூட வரவில்லை. புண் ஆறி, கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற காலமும் முடிந்து, மருத்துவர் அனுமதி தந்த பிறகே கடலுக்குப் போகத் தொடங்கினார்.

இப்போது இரண்டு தொந்தரவுகள் இருக்கின்றன. முதலாவது, படகு ஓடும்போது அப்பா பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. காற்றும் அலையும் எதிர்த்து அடிக்கும் நாளில் அது கூடுதலாக இருக்கிறது, நங்கூரம் போட்டுச் சற்று நேரம் ஆனதும் அடங்கிவிடுகிறது. இரண்டாவதுதான் எங்களை அதிகம் பயமுறுத்துகிறது. வலையை இழுத்துக்கொண்டிருக்கும்போது, நன்றாக இழுத்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு நொடியில் கைகால் ஓய்ந்து, கண் இருட்டுவது போல ஆகிறது; உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. வீட்டிலோ, கடைத்தெருவுக்கு நடந்து போகும்போதோ எதுவும் இல்லை.

சென்ற முறை பரிசோதனைக்குப் போனபோது, நெஞ்சின் மேல் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, வயர் நன்றாக இருக்கிறது, எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். கையில் கொடுத்த தாளில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: முறை டி.டி.டி.ஆர்.; குறைந்தபட்ச வேகம் 60; மேல் வேகம் 120, சென்சாருக்கும் அதே 120; ஏ.வி. இடைவெளி 180 மில்லி நொடி, பி.வி.ஏ.ஆர்.பி. 320 மில்லி நொடி.

இது எஞ்சினிலிருந்து வரும் மின்சாரத்தின் வேலையா, அல்லது சட்டைப்பையில் வைத்திருக்கும் கைப்பேசியின் வேலையா? அமைப்பை மாற்றித் தாருங்கள் என்று நோயாளி கேட்பது முறையா? கடலையே விட்டுவிடச் சொல்லும் உறவினர்கள் இருக்கிறார்கள். அப்பா அதற்கு இணங்குபவர் அல்லர்.

மண்டபம் ஒர்க்‌ஷாப்:

தம்பி, நான் படகு எஞ்சின் வேலை பார்ப்பவன். என் அண்ணனுக்கும் பேஸ்மேக்கர் இருப்பதால், அதனுடன் வந்த கையேட்டை வரிவரியாகப் படிக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்பட்டது. மின்சாரப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் படகில் இருப்பது டீசல் எஞ்சின் என்றால், அதில் தீப்பொறிப் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்திச் சூடாக்கி டீசலை எரிப்பதுதான் அதன் வேலை. பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்து எஞ்சினில் பிளக், காயில் எல்லாம் உண்டு. அதன் மூடியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற நிலையில் நெஞ்சைக் கொண்டுபோய்க் குனிவதுதான் ஆகாது. ஓடும் பெட்ரோல் எஞ்சினின் மின்பாகங்களுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் 30 செ.மீ. தள்ளி இருந்தால் போதும் என்பது பொதுவான விதி. பலகையில் உட்கார்ந்திருக்கும் மனிதர் அதைவிட எவ்வளவோ தள்ளித்தான் இருப்பார்.

கைப்பேசியை இடப்பக்கச் சட்டைப்பையில் வைக்க வேண்டாம். கருவிக்கும் அதற்கும் 15 செ.மீ. இடைவெளி வேண்டும், பேசும்போது வலக்காதில் வைத்துப் பேசினால் நல்லது. பின்பக்கம் காந்தம் ஒட்டும் வகைக் கைப்பேசிகளிலும், எஞ்சின் அறையில் ஒட்டி வைக்கும் காந்த டார்ச்சிலும், பழைய ஸ்பீக்கர்களிலும் கூடுதல் கவனம் தேவை. காந்தம் கருவிக்கு மிக அருகில் வந்தால், பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே சீரான வேகத்தில் துடிப்பு கொடுக்கத் தொடங்கும். காந்தத்தை எடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். படகில் ஆர்க் வெல்டிங் நடக்கும் நாளில் அப்பாவைக் கரையில் இருக்கச் சொல்லுங்கள். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் 60 செ.மீ. தள்ளி நிற்கலாம், விறகடுப்புக்கும் கேஸுக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் நீங்கள் சொல்லும் குறிகள் மின்சாரத்தைக் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. எஞ்சின் மின்சாரம்தான் காரணம் என்றால் அலை இல்லாத நாளிலும் அதே அளவு வர வேண்டுமே.

மதுரை டெக்னீஷியன்:

பேஸ்மேக்கர் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தாளில் உள்ள எண்களை எழுதியது மிகவும் உதவியாக இருந்தது. முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் மருத்துவர். அவரிடம் எதைக் கேட்பது என்பதைத்தான் நான் சொல்ல முடியும்.

முதலில் அந்த நான்கு எழுத்துகள். முதல் மூன்றும் ‘டி’ என்றால், கருவி இரண்டு அறைகளுக்கும் துடிப்பு கொடுக்கிறது, இரண்டு அறைகளையும் கேட்கிறது, கேட்டதற்கேற்பத் தன்னை அடக்கிக்கொள்ளவும் செய்கிறது, மேலறையைப் பின்தொடர்ந்து கீழறையைத் தூண்டவும் செய்கிறது. நான்காவதாக வரும் ‘ஆர்’, உடல் அசைவை உணரும் சென்சார் இயக்கத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும். ஓய்வில் 60 என்று துடிக்க வைக்கும் கருவி, ஆள் நடக்கிறார் என்று சென்சார் சொன்னால் 80, 90, 100 என்று தானாக ஏற்றும்.

பெரும்பாலான கருவிகளில் இந்தச் சென்சார் ஓர் அசைவுமானி. மூளையும் அல்ல, மூச்சையும் அறியாது. நடக்கும்போது உடல் நொடிக்குச் சில முறை மேலும் கீழும் ஆடுமல்லவா, அந்த ஆட்டத்தைத்தான் அது எடைபோடுகிறது. எஞ்சினின் வேகமான அதிர்வைப் பெரும்பாலும் வடிகட்டிவிடும். ஆனால் எதிரலையில் படகு தூக்கித் தூக்கிப் போடும் ஆட்டமும், ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் மெதுவாக ஓடும்போது வரும் தடதடப்பும், நடையின் ஆட்டம் விழும் அதே அளவில்தான் விழுகின்றன. பலகையில் உட்கார்ந்திருப்பவரை ஓடிக்கொண்டிருப்பவர் என்று கருவி எண்ணிக்கொள்கிறது. மேடுபள்ளமான சாலையில் பேருந்தில் போகும்போது படபடப்பு வருவதாகச் சொல்லும் நோயாளிகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

உங்கள் அப்பாவுக்கு அந்தச் சென்சார் தேவைதானா என்பது அடுத்த கேள்வி. அவருடைய நோய் வழியில் ஏற்பட்ட அடைப்பு. துடிப்பைப் பிறப்பிக்கும் மேலறைக் கணு நன்றாக இருந்தால், அவர் உழைக்கும்போது அதுவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும், கருவி அதைப் பின்தொடர்ந்து கீழறையைத் துடிக்க வைத்தால் போதும். கணு நன்றாக இருக்கிறதா என்பதைக் கருவியின் நினைவகத்தில் உள்ள வேகப் பட்டைப்படம் காட்டிவிடும். மேலறைத் துடிப்புகளில் எவை இயல்பாக வந்தவை, எவை கருவி கொடுத்தவை என்று அதில் தனித்தனியாக இருக்கும். 90க்கும் 110க்கும் இடையில் கருவி கொடுத்த மேலறைத் துடிப்புகள் நிறைய இருந்து, அதே வேகங்களில் இயல்பான துடிப்புகளும் இருந்தால், கணு தானாக ஏறும் திறனோடு இருக்கிறது, சென்சார் வேண்டாத வேளையில் முந்திக்கொள்கிறது என்று பொருள்.

இரண்டாவது தொந்தரவுக்கு வருவோம். கருவி, ஒரு கீழறைத் துடிப்புக்குப் பிறகு கொஞ்ச நேரம் மேலறை வயருக்குக் காதை மூடிக்கொள்ளும், அதுதான் பி.வி.ஏ.ஆர்.பி. ஏ.வி. இடைவெளி என்பது மேலறைத் துடிப்புக்குப் பிறகு கீழறையைத் தூண்டக் கருவி காத்திருக்கும் நேரம். அது 180, அந்த மூடிய காலம் 320; கூட்டினால் 500 மில்லி நொடி. ஒரு நிமிடத்தில் 60,000 மில்லி நொடி. 500ஆல் வகுத்தால் 120. அதாவது, மேலறை நிமிடத்துக்கு 120ஐத் தாண்டிய கணமே, ஒன்றுவிட்டு ஒரு மேலறைத் துடிப்பு கருவியின் மூடிய காதில் விழும். கீழறை வேகம் 120இலிருந்து ஏறக்குறைய 60க்கு ஒரேயடியாகச் சரியும். 180 என்பது துடிப்பைக் கேட்ட பிறகான இடைவெளியா, கொடுத்த பிறகானதா என்பதையும், உழைப்பின்போது அது தானாகக் குறையுமாறு வைத்திருக்கிறார்களா என்பதையும் தாளை வைத்துச் சொல்ல முடியவில்லை. அவற்றைப் பொறுத்து இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். இருந்தாலும், 61 வயது உழைப்பாளியின் மேலறை, வலை இழுக்கும்போது 130ஐத் தொடுவது இயல்புதான். 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கில்கூட 159 வருகிறது. வீட்டிலும் கடைத்தெருவிலும் 120ஐ எட்டும் வேலை இல்லாததால் அங்கே எதுவும் தெரியவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. படபடப்பு போனால் போதும் என்று சென்சாரை மட்டும் நிறுத்திவிட்டு வந்துவிடாதீர்கள். வேகம் சரியும்போது சென்சார் 80, 85 என்று காட்டிக்கொண்டிருந்தால், அந்த அளவில் அது தாங்கிப் பிடிக்கும். மேல் வரம்பைச் சரிசெய்யாமல் தாங்கலை மட்டும் எடுத்தால் இரண்டாவது தொந்தரவு கூடிவிடலாம். இரண்டையும் ஒரே அமர்வில் பார்க்கும்படி கேளுங்கள்.

அமைப்பை மாற்றித் தரும்படி கேட்பது முறையா என்றால், முறைதான். கருவி வெளியே வரும்போது பெட்டியில் இருந்த எண்கள் எல்லோருக்கும் பொதுவானவை. பேட்டரியும் வயரும் சரி என்பது கருவியைப் பற்றிய விடை. அப்பாவின் வேலையைப் பற்றி அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கீழக்கரையார்:

மேலே டெக்னீஷியன் எழுதியது சரியானது, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு யாராவது “சென்சார் என்றாலே தொல்லை, நிறுத்திவிடுங்கள்” என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காக என் கதையை எழுதுகிறேன்.

எனக்கு வயது 70. என் நோய் வேறு: துடிப்பைப் பிறப்பிக்கும் கணுவே சோம்பிவிட்டது, வழியில் அடைப்பில்லை. நான் மாடிப்படி ஏறினாலும் தொழுகைக்கு விரைந்து நடந்தாலும் என் இதயம் தானாக 60க்கு மேல் போகாது. எனக்குச் சென்சார்தான் கைத்தடி. முதலில் அது மந்தமாக வைக்கப்பட்டிருந்தது. நடந்தால் பரவாயில்லை, சைக்கிள் மிதித்தால் மூச்சு வாங்கியது. சைக்கிளில் கால்தான் ஓடுகிறது, நெஞ்சு அசையாமல் இருக்கிறது, நெஞ்சில் இருக்கும் அசைவுமானிக்கு எப்படித் தெரியும் என்று அங்கிருந்த பெண் விளக்கினார். பிறகு என்னை வராந்தாவில் நடக்க வைத்து, எத்தனை அசைவுக்கு எவ்வளவு ஏற வேண்டும், எவ்வளவு விரைவில் ஏற வேண்டும், நின்ற பிறகு எவ்வளவு மெதுவாக இறங்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். மூச்சின் அளவையும் சேர்த்து அளக்கும் சென்சார் உள்ள கருவிகளும் உண்டாம். என்னுடையது அந்த வகை அல்ல.

என் மகள் “வாப்பா, சைக்கிளை விட்டுவிடுங்கள்” என்றுதான் முதலில் சொன்னாள். நான் விடவில்லை. உங்கள் தந்தையார் கடலை விட மறுப்பதும் எனக்குப் புரிகிறது. ஆகவே தம்பி, அவருக்குச் சென்சார் வேண்டாமா என்பதை நினைவகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வயதையோ தொழிலையோ பார்த்துச் சொல்லக் கூடாது.

தொண்டி செவிலியர்:

தம்பி, அமைப்பு மாறும்வரை அப்பா தனியாகக் கடலுக்குப் போக வேண்டாம். வலை இழுக்கும் வேலையை வேறு ஒருவர் பார்க்கட்டும். அவர் போயே தீர வேண்டும் என்றால் உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, படகின் விளிம்பில் நிற்காமல் இருக்கட்டும். கரையில் கண் இருட்டினால் உட்கார்ந்துகொள்ளலாம். படகின் விளிம்பில் கண் இருட்டினால் தண்ணீருக்குள்தான்.

பரிசோதனைக்குப் புறப்படும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். ஒரு நிறுவனத்தின் பேஸ்மேக்கரை அதே நிறுவனத்தின் புரோகிராமர் கருவியால் மட்டுமே படிக்கவும் மாற்றவும் முடியும். எல்லா மருத்துவமனைகளிலும் எல்லா நிறுவனக் கருவிகளும் இருப்பதில்லை. பல இடங்களில் அந்த நிறுவனத்தின் ஆள் வரும் நாள் தனியாக உண்டு. பாம்பனிலிருந்து மதுரைக்குப் பேருந்தேறிப் போய், இன்று அவர் வரவில்லை என்ற பதிலோடு திரும்பி வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடையாள அட்டையில் நிறுவனத்தின் பெயரும் மாடல் எண்ணும் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லிக் கேளுங்கள்.

தொந்தரவு வந்த நாள், மணி, அப்போது செய்த வேலை ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். கருவிக்குள்ளும் கடிகாரம் இருக்கிறது. வேகமான துடிப்புகளைத் தேதியோடு பதிந்து வைத்திருக்கும், உங்கள் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். படகில் உடன் வருபவருக்கு மணிக்கட்டில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுங்கள்; 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். தளர்ச்சி வந்த கணத்தில் 60 என்று ஒருவர் எண்ணிவிட்டால், மருத்துவருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

எக்கோ (இதயத்தை ஸ்கேன் செய்து பார்ப்பது) எடுத்து எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். முழு அடைப்பு உள்ளவரின் கீழறை ஏறக்குறைய எல்லா நேரமும் கருவியால்தான் துடிக்கிறது. அப்படி வலக்கீழறையிலிருந்தே நெடுநாள் துடிக்க வைக்கும்போது சிலருக்கு இதயத் தசையின் சுருங்கும் திறன் குறையலாம். உழைக்கும்போது வரும் தளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும் என்பதால், எண்களை மாற்றுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

பாம்பன் மகன்:

அனைவருக்கும் நன்றி. முன்கூட்டியே பேசி, நிறுவனத்தின் ஆள் வரும் நாளில் போய்வந்தோம். எக்கோவில் சுருங்கும் திறன் இயல்பாகவே இருக்கிறது.

பட்டைப்படத்தை இந்த முறை எங்களுக்கே திருப்பிக் காட்டினார்கள். 90 முதல் 110 வரையுள்ள கட்டங்களில் கருவி கொடுத்த மேலறைத் துடிப்புகள் ஏராளமாக இருந்தன. இயல்பான துடிப்புகளும் 130 வரை இருந்ததால் கணு நன்றாக இருக்கிறது என்றார்கள். நோட்டில் எழுதியிருந்த நேரங்களைக் கருவியின் பதிவோடு வைத்துப் பார்த்ததில், அப்பா வலை இழுத்த வேளைகளில் மேலறை 120க்கு மேல் ஓடியதும் தெரிந்தது. அங்கேயே அப்பாவை நிற்க வைத்து, ஒரு துணியைக் கதவுப் பிடியில் கட்டி, வலை இழுப்பது போல இழுக்கச் சொன்னார் மருத்துவர். அப்பாவுக்கு முதலில் கூச்சம். பிறகு வரிசையில் நின்றவர்கள் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து, உண்மையாகவே இழுக்கத் தொடங்கிவிட்டார். திரையில் வேகம் 118, 120 என்று ஏறி, அப்படியே 63க்கு விழுந்ததை நானும் பார்த்தேன்.

சென்சாரை நிறுத்திவிட்டார்கள். மேல் வேகம் இப்போது 140. ஏ.வி. இடைவெளி ஓய்வில் 150 என்றும், வேகம் ஏற ஏற 100 வரை தானாகக் குறையுமாறும், பி.வி.ஏ.ஆர்.பி. 250 என்றும் மாற்றியிருக்கிறார்கள். மறுபடி துணியை இழுத்தபோது 130 வரை ஏறி, நின்றதும் படிப்படியாக இறங்கியது. இப்போது படகில் படபடப்பு இல்லை என்கிறார். இரண்டு வாரம் வலையைத் தொடாமல் உடன்மட்டும் போய்வரும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு சந்தேகம் மீதம் இருக்கிறது. காதை மூடும் நேரத்தை 320இலிருந்து 250க்குக் குறைத்ததில் வேறு கெடுதல் உண்டா? அவ்வளவு நல்லதென்றால் முதலிலேயே ஏன் 250 வைக்கவில்லை?

மதுரை டெக்னீஷியன்:

கணக்குப்படி உழைப்பின்போது 100ஐயும் 250ஐயும் கூட்டினால் 350 மில்லி நொடி. ஒன்றுவிட்டு ஒன்று என்ற சரிவு 171க்கு மேல்தான் வரும். அதற்கு முன்பே 140இல் கருவி மெதுவாகத் தடை போடத் தொடங்கும். இடையிடையே ஒரு துடிப்பு மட்டும் விடுபடும், பாதியாக விழாது. உங்கள் அப்பா 171ஐத் தொடப்போவதில்லை.

அந்த நேரத்தை நீளமாக வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. சிலருக்கு, மேலிருந்து கீழே மின்துடிப்பு இறங்காவிட்டாலும், கீழிருந்து மேலே ஏறும் வழி திறந்திருக்கும். கருவி கீழறையைத் துடிக்க வைக்க, அந்தத் துடிப்பு மேலே ஏறி மேலறையைத் துடிக்க வைக்க, அதைப் புதிய துடிப்பு என்று கேட்டுக் கருவி மறுபடி கீழறையைத் தூண்ட, மேல் வேகத்தை ஒட்டியே இதயம் சுற்றிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் அந்தத் துடிப்பைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் காதை மூடும் நேரம். ஆகவே, பின்னேறும் வழி இருக்கிறதா, இருந்தால் எத்தனை மில்லி நொடி எடுக்கிறது என்று சோதித்தார்களா என்பதை அடுத்த முறை கேளுங்கள். முழு அடைப்பு உள்ளவர்களில் பலருக்கு அந்த வழி இருப்பதில்லை. இப்போதைய கருவிகளில் அந்தச் சுழற்சியைத் தானாகக் கண்டுபிடித்து உடைக்கும் ஏற்பாடும் உண்டு, அது இயக்கத்தில் இருக்கிறதா என்பது தாளின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று 130, 140 என்று படபடப்பு தொடங்கி இறங்காமல் இருந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய், பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டி, உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளின் ஒரு படியை எங்களுக்கும் கொண்டு வாருங்கள்.